பூரணியின் படங்கு

பெண் பிள்ளைகள் ஐந்து பேர் சேராமல் கண்டுபிடிப்பாளர் கழகத்தைத் தொடங்கவே மாட்டேன் என்று செரீபா டீச்சர் ஒற்றைக் காலில் நின்றார். பையன்கள் பதினாறு பேர் முதல் நாளே பெயர் கொடுத்துவிட்டு ரிமோட் கார் செய்யக் காத்துக் கிடந்தார்கள். பட்டியலின் முதல் ஐந்து வரிகளோ இரண்டு வாரமாக வெறுமையாகவே இருந்தன. கடைசியில் பையன்களே பொறுக்க முடியாமல் வகுப்பு வகுப்பாகப் போய்ப் பெண் பிள்ளைகளைக் கெஞ்ச வேண்டியதாயிற்று. டீச்சர் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

அந்தக் கெஞ்சலில் சேர்ந்தவள்தான் சர்மிளா. அவளுக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை; கழகத்தில் பின்னேரம் தின்னப் பணிஸ் கொடுப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பணிஸ் வரவில்லை. டீச்சர் கரும்பலகையில் ஒரு கேள்வியை எழுதிப் போட்டார்: "உங்கள் வீட்டில் யாருக்கு எங்கே வலிக்கிறது?"

சர்மிளா யோசிக்கவே இல்லை. அம்மாவுக்குக் கழுத்து.

அம்மா பூரணி நோர்வூட்டுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கொழுந்து பறிக்கிறாள். கொழுந்துப் பையின் கயிற்றை உச்சந்தலையில் மாட்டிப் பாரத்தை முதுகில் தொங்கவிட வேண்டும். நனைந்த கொழுந்து பதினைந்து கிலோ ஏறினால் கழுத்து என்ன பாடுபடும்? கயிறு பட்ட இடத்தில் முடியே கிடையாது. கோயிலுக்குப் போகும் நாளில் பக்கத்து முடியை இழுத்து அதை மூடிக்கொள்வாள். இப்போதெல்லாம் யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்புகிறாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்த தைலம் வீட்டை மணக்க வைத்ததோடு சரி.

சிவனொளிபாதமலைக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் ஆளுயரப் பையோடு சிரித்துக்கொண்டே பஸ் ஏறுவதைச் சர்மிளா பார்த்திருக்கிறாள். அந்தப் பைகளில் இடுப்பைச் சுற்றி அகலமாக ஒரு பட்டி இருக்கும். பாரம் இடுப்பில் உட்கார்ந்துவிட்டால் தலைக்கும் கழுத்துக்கும் வேலையே இல்லை. இவ்வளவுதானே விஷயம் என்று அவளுக்குக் கை பரபரத்தது. கூட்டுக்குக் கழகத்தில் இருந்த ஸஹ்லாவைப் பிடித்துக்கொண்டாள். ஸஹ்லாவின் வாப்பா பாவா, நோர்வூட் டவுனில் ஸ்கூல் பை தைக்கிறவர்.

மூன்று வாரம் இருவருக்கும் வேறு நினைப்பே இல்லை. பூரணி குளித்து நைட்டி மாற்றிக்கொண்டு உட்காரும் நேரம் பார்த்து, சர்மிளா டேப்பை எடுத்துக்கொண்டு அவள் இடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ஏ புள்ள, கூசுது! ஒங்க டீச்சரு இதத்தான் சொல்லிக் குடுக்கிறாங்களா?"

இடுப்புக்கு ஒரு பட்டி, தோளுக்கு இரண்டு வார், பையின் வாய் மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு கம்பி வளையம் என்று எல்லாம் தயாராகிவிட்டது. சனிக்கிழமை ஹட்டனில் தெரிவுப் போட்டி. நாற்பது பள்ளிக்கூடங்கள் வரும். மூன்று கண்டுபிடிப்புகள்தான் கொழும்புக்குப் போகும். கொழும்பில் தேறியதைச் செய்து தோட்டங்களில் கொடுத்துப் பார்ப்பார்களாம். அம்மாவின் கழுத்துக்கு அதைவிட்டால் வேறு வழி சர்மிளாவுக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை காலை பெரட்டில் பேர் கொடுத்து முடிந்து பெண்கள் மலை ஏறியபோது, புதுப் பையைப் போட்டுப் பார்க்க இரண்டு பேரும் பின்னாலேயே ஓடினார்கள். கண்டாக்கு முத்துலிங்கம் மேற்பார்வைக்கு நின்றார்.

"ஒரு நிரை. அவ்வளவுதான். தொரை கேட்டா நான் பாக்கவே இல்லன்னுதான் சொல்லுவேன்" என்று சொல்லி, சொன்னபடியே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பூரணி பட்டியைக் கட்டிக்கொண்டாள். இரண்டு கையாலும் பறித்து, திரும்பிப் பார்க்காமலே தோளுக்கு மேலே பின்பக்கம் எறிந்தாள். ஒரு இலைகூடச் சிந்தாமல் பைக்குள் விழுந்தது. ஸஹ்லா சர்மிளாவின் கையைக் கிள்ளியே விட்டாள். ஆனால் கால் மணி நேரம் போய்ப் பை கனத்ததும் பட்டி மெல்லக் கீழே நழுவியது. பூரணி தூக்கிவிட்டாள். மறுபடியும் நழுவியது. பாரமெல்லாம் தோளுக்கு வந்தது. கையை நீட்டி நீட்டிப் பறிக்கிறவளின் தோளில் வார் எப்படி நிற்கும்? அதுவும் வழுகி, பட்டி சர்ரென்று முழங்காலுக்கு இறங்கி, பறித்த கொழுந்தெல்லாம் சரிவில் கொட்டியது.

"ஏ பூரணி! ஒம் மக ஒனக்குப் பாவாட தச்சுக் குடுத்தாளா? அவுந்து விழுகுதே!" என்று அடுத்த நிரையிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

மலையே சிரித்தது. பூரணி பட்டியைக் காலிலிருந்து உருவிப் போட்டாள். பழைய கயிற்றை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடச் சர்மிளாவுக்குப் பரவாயில்லை. கண்ணில் முட்டிக்கொண்டு வந்ததை அடக்கியபடி மண்டியிட்டுக் கொழுந்தைப் பொறுக்கினாள். பொறுக்கும்போது அம்மாவின் இடுப்பு அவள் கண்ணுக்கு நேரே இருந்தது. அங்கே படங்கு, பனியில் நனைந்து மினுமினுவென்று.

தேயிலைக் கிளை கிழித்துவிடாமல் இருக்க, மலைக்குப் போகிற பெண்கள் சேலைக்கு மேலே இடுப்பில் சுற்றிக்கொள்ளும் தடித்த தார்ப்பாய் விரிப்புதான் படங்கு. அந்தப் படங்கைப் பூரணி ஒருநாளும் வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை. வாசலுக்கு வெளியே ஒரு ஆணி. அதில் மாட்டிவிட்டுத்தான் காம்பராவுக்குள் கால் வைப்பாள். "மல மலையோட இருக்கட்டும், எம் புள்ள படிக்கிற எடத்துக்கு அது வேணாம்" என்பாள். சர்மிளா அளந்தது எல்லாம் வீட்டுக்குள் இருக்கும் பூரணியை. மலையில் நிற்கும் பூரணியை அவள் அளக்கவே இல்லை.

"அம்மா! நீ படங்கு கட்டியிருக்க!"

"பின்ன? கட்டாம எவ வருவா?"

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இந்தத் தடவை சர்மிளாவும் சேர்ந்து சிரித்தாள். ஸஹ்லாவுக்குப் பயமே வந்துவிட்டது.

"என்னடி, ஒனக்குப் பைத்தியமா?"

"ஈரப் படங்கு மேல எந்தப் பட்டியும் நிக்காது, ஸஹ்லா. படங்கையே பட்டியா ஆக்கிருவோம்! எல்லாரும் தெனமும் அதத்தான கட்டுறாங்க!"

அன்று பின்னேரமே பூரணியின் படங்கு பாவாவின் கடை மேசையில் கிடந்தது. ஊசி உடையும் என்றார் பாவா. மூன்று உடைந்தன. நான்காவது ஊசியை மகள் கையில் கொடுத்துவிட்டு, அவர் டீ குடிக்கப் போய்விட்டார். சேலையில் வழுகாமல் பிடித்துக்கொள்ள, படங்கின் உள்பக்கம் சாக்குத் துணி வைத்துத் தைத்தார்கள். விளிம்பிலேயே பட்டியும் கொக்கியும் வந்தன. தோள் வாரை நெஞ்சுக்குக் குறுக்கே பின்னிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை இருட்டுவதற்குள் வேலை முடிந்தது. ஆனால் மலையில் போட்டுப் பார்க்கக் கண்டாக்கு இரண்டாம் தடவை சம்மதிக்கவில்லை. "இந்தச் சாக்குல கொழுந்து எடுத்துட்டுப் போறீங்களா என்னான்னு நான் பாக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒரு சாக்குக் கொழுந்தை அவர்கள் பக்கம் தள்ளி வைத்தார். ஆக, பாரத்தோடு முதல் சோதனையே ஹட்டன் மேடையில்தான்.

ஹட்டன் மண்டபத்தில் ஒரே இரைச்சல். இவர்கள் பள்ளிக்கூடத்து ரிமோட் கார் நடுவரின் கால்சப்பாத்தில் மோதி அங்கேயே உயிரை விட்டது. சர்மிளாவுக்கு அதற்குக்கூடச் சிரிப்பு வரவில்லை. தீபாவளிக்கு எடுத்த நீலச் சேலையில் பூரணி கடைசி வரிசையில், யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

ஸஹ்லாதான் படங்கைக் கட்டிக்கொண்டு மேடையில் நின்றாள். பாவம், டவுன் பிள்ளை. பாரத்தைச் சுமந்துவிட்டாள், ஆனால் கொழுந்தை எறியத் தெரியவில்லை. எறிந்ததில் பாதி தரையிலும் பாதி அவள் முக்காட்டிலும் விழுந்தது. டை கட்டிய நடுவர் பேனாவை மூடினார்.

"நல்ல முயற்சிதான் மகள். ஆனா நூறு வருஷத்துக்கு மேல கயிற்றைத் தலையில போட்டுப் பழகினவங்க. இதை யார் போட்டுக்குவாங்க?"

வீட்டில் நூறு தடவை சொல்லிப் பார்த்த பதிலைச் சர்மிளா தொடங்குவதற்குள் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான் போட்டுக்குவேன்."

மண்டபம் மொத்தமும் திரும்பியது. பூரணி நடுவழியே மேடைக்கு நடந்து வந்தாள். ஸஹ்லாவிடமிருந்து படங்கை வாங்கி, அந்தத் தீபாவளிச் சேலையின் மேலேயே இறுக்கிக் கட்டினாள். பையைக் கொக்கியில் மாட்டச் சொன்னாள். சாக்கில் இருந்த கொழுந்தை இரண்டு கையாலும் அள்ளி, நடுவரின் முகத்தைப் பார்த்தபடியே பின்னால் எறிந்தாள். சிந்தவில்லை. மறுபடியும், மறுபடியும் எறிந்தாள். சாக்கு காலியாகிப் பை நிறைந்தது. பட்டி நூலளவும் அசையவில்லை. பூரணி குனிந்தாள், நிமிர்ந்தாள், பாரத்தோடு மேடைப் படியில் இறங்கி ஏறினாள்.

அப்புறம் தலையில் கை வைத்துப் பார்த்தாள். அங்கே கயிறு இல்லை.

"இங்க ஒண்ணுமே இல்லைங்க" என்றாள். "பாருங்க சார், கழுத்த ஆட்டுறேன்!"

சொல்லிவிட்டு, பதினைந்து கிலோவைச் சுமந்துகொண்டு, கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக் காட்டினாள். செரீபா டீச்சர் எழுந்து நின்று விசில் அடித்தார். டீச்சருக்கு விசில் அடிக்கத் தெரியும் என்று அதுவரை ஒரு பிள்ளைக்கும் தெரியாது. நடுவர் பேனாவைத் திரும்பத் திறந்தார்.

மூன்று பெயர்களில் இவர்களுடையதை இரண்டாவதாக வாசித்தார்கள். சர்மிளாவும் ஸஹ்லாவும் கட்டிப்பிடித்துக் குதித்த குதியில் கம்பி வளையம் நெளிந்தே போயிற்று. போகட்டும், இன்னொன்று வளைத்துக்கொள்ளலாம்!

நோர்வூட் பஸ்ஸில் பூரணி படங்கை அவிழ்க்கவில்லை. ஆட்கள் பார்த்தார்கள்.

"கழட்டும்மா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். எம் மக செஞ்சது."

லயத்து வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. பூரணி வாசலில் நின்று படங்கை அவிழ்த்து, வழக்கம்போல் ஆணிப் பக்கம் கையைக் கொண்டுபோனாள். கை பாதியில் நின்றது. படங்கை நன்றாக உதறி மடித்தாள். உள்ளே போய், சர்மிளாவின் பள்ளிக்கூடச் சீருடை தொங்கும் கொடியில், அதற்குப் பக்கத்திலேயே போட்டாள்.