பதினொரு தோட்டா

நான் உள்ளே நுழைந்தபோது என் தம்பி ஆஸ்டின் சமையலறை மேசையில் தோட்டாக்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் அவசரமாகத் துண்டை எடுத்து மூடினான். அறுபது வயதுக்காரன், பக்கத்து வீட்டில் இருக்கும் சொந்த அக்காவிடமே மறைக்கிறான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“துண்டுக்கு அடியில என்ன, முட்டையா அடை வெச்சிருக்க?”

“சத்தம் போடாதக்கா.”

“எத்தன இருக்கு?”

“பதினொண்ணு. வெளிய சொல்லிடாத.”

அந்த வருஷம், சாலையே இல்லாத எங்கள் வடகோடி ஊரில் பதினொரு தோட்டா என்றால் பெரிய சொத்து. கடையில் தோட்டா வைக்கும் அலமாரி வசந்த காலத்திலிருந்தே காலி. ‘வீட்டுக்கு ஒரு டப்பா மட்டும்’ என்று எழுதி ஒட்டிய அட்டை மட்டும் மிச்சம் இருந்தது, டப்பாதான் இல்லை. சரக்கு விமானம் வரும் நாளிலெல்லாம் ஆண்கள் ஓடுபாதை ஓரம் போய் நிற்பார்கள். மாவும் சோப்பும் டயப்பரும் இறங்கும், தோட்டா இறங்காது. தெற்கே மற்ற மாநிலங்களில் ஜனங்கள் ஒருவருக்கொருவர் பயந்துகொண்டு லாரி லாரியாக வாங்கிக் குவிக்கிறார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். அவர்கள் பயத்துக்கு நாங்கள் பட்டினி கிடக்க வேண்டியிருந்தது.

போதாததற்கு மீனும் இல்லை. யூகான் ஆற்றில் சால்மன் ஏறவில்லை, யாரும் வலை போடக்கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. கோடை முழுக்க, மீன் உலர்த்தும் எங்கள் புகைக்குடிசைகளில் புகையே இல்லை. குளிர்காலத்துக்கு என்று இனிக் கிடைத்தால் மூஸ் கறிதான். குதிரையைவிட உயரமான மான் அது. ஒன்று விழுந்தால் மூன்று குடும்பம் வசந்தம் வரை சாப்பிடலாம். அதை விழ வைக்கத் தோட்டா வேண்டும்.

ஆஸ்டின் துண்டை விலக்கி, தோட்டாக்களை மூன்று குவியலாகப் பிரித்தான். முதல் குவியலில் மூன்று.

“இது தொடக்கூடாது. ஆத்துல ஏதாவது ஆச்சுன்னா மூணு வெடி வெடிக்கணுமே, அதுக்கு.”

அடுத்த குவியலிலும் மூன்று. “இது கரடி கிரடி வந்தா.”

மிச்சம் ஐந்து. அதைச் சுட்டி நான் கேட்கவில்லை, அவனே சொன்னான். “இது போல்டினுக்கு.”

போல்டின் அவன் மனைவி. ஃபேர்பேங்க்ஸ் ஆஸ்பத்திரியில் செத்து இரண்டு குளிர்காலம் முடிந்துவிட்டது. செத்தவர்களுக்கு நினைவு விருந்து வைத்து, ஊரைக் கூட்டி, அவர்கள் பாட்டைப் பாடி, அவர்கள் சாமான்களைக் கொடுத்து முடித்தால்தான் அவர்கள் கிளம்பிப் போவார்கள். அதுவரை வீட்டையே சுற்றிக்கொண்டிருப்பார்கள். முதல் வருஷம் கொரோனா, கூட்டம் கூடக்கூடாது என்றார்கள். போன வருஷமும் அப்படியே போயிற்று. இந்த வருஷம் எப்படியும் வைத்துவிடுவது என்று இருந்தான். விருந்தென்றால் காட்டுக் கறி வேண்டும். கடைக் கோழியை வைத்து யாரையும் வழியனுப்ப முடியாது.

“விடிகாலைல அடுப்புப் பக்கம் நிக்கறாக்கா,” என்றான். “காபித் தூள் டப்பாவத் தொறக்கற சத்தம் கேக்குது. நான் எந்திரிச்சுப் போறதில்ல. போனா நின்னுடுமேன்னு.”

போல்டினை விட்டுவிட அவனுக்கு மனசில்லை, விடாமல் வைத்திருப்பது அவளுக்குச் செய்கிற பாவம் என்றும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் இரண்டு வருஷமாக அல்லாடிக்கொண்டிருந்தான்.

ஐந்து தோட்டாவில் எத்தனை மூஸ் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்களில் அப்படிப் பேசக்கூடாது. கிடைக்கும் முன்னால் கணக்குப் போட்டால் மூஸின் காதில் விழும், அப்புறம் அந்த வேட்டைக்காரன் பக்கமே வராது. இன்னும் கொஞ்சம் குளிரட்டும், கறி கெடாது, அப்புறம் போகலாம் என்று காத்திருந்தான். அவ்வளவுதான் பேச்சு.

அப்போது கதவு தட்டாமலே குட்வின் உள்ளே வந்தான். எங்கள் ஊரில் யாரும் தட்டுவதில்லை. ஆஸ்டினின் துண்டு மறுபடி மேசைமேல் விழுந்தது.

குட்வின் போல்டினின் தங்கை மகன். ஐந்து பிள்ளைகள், வாய் நிறையச் சிரிப்பு, ஒரு பழைய படகு. போல்டின்தான் அவனுக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள். டீ ஊற்றிக் கொடுத்தேன். சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கிக்கொண்டே பேச்சை எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் வந்த விஷயத்துக்கு வந்தான்.

“பெரியப்பா, ஒரு மூணு தோட்டா இருக்குமா? எங்கிட்ட ரெண்டுதான் இருக்கு. கடைக்கு வந்த ஒடனே திருப்பிக் குடுத்துடறேன்.”

ஆஸ்டின் டீக் கோப்பையைப் பார்த்தபடி சொன்னான். “இல்லப்பா. ஒண்ணுகூட இல்ல.”

“அடக் கடவுளே. அப்போ பெரியம்மா விருந்துக்கு என்ன பண்ணுவீங்க? கல்ல விட்டு எறிவீங்களா?”

“பாக்கலாம்.”

“சரி விடுங்க, ரெண்டே போதும். அதுக்கு மேல வீணாக்கினா ஜஸ்டினா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பா.” ஜஸ்டினா அவன் பெண்டாட்டி. டீயைக் குடித்து முடித்துவிட்டு, என் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

அவன் படி இறங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு நான் ஆரம்பித்தேன்.

“நல்லா இருக்குடா உன் நியாயம். துண்டுக்கு அடியில கூடு கட்டி வெச்சுக்கிட்டு, கேட்டவன் மூஞ்சிக்கு நேரா இல்லேங்கற.”

“இருக்கு, தர முடியாதுன்னு சொல்லச் சொல்றியா?”

அப்படி ஒரு வார்த்தையை எங்கள் ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்றால் அவன் கஞ்சன். கஞ்சனைக் காடும் கைவிட்டுவிடும். தர முடியாதவன் ‘இல்லை’ என்றுதான் சொல்வான், கேட்டவனும் அதைத் துருவாமல் போய்விடுவான். அது எங்கள் மரியாதை.

“அவனுக்கு அஞ்சு பிள்ளைங்கடா.”

“எனக்கு ஒரே பொண்டாட்டி,” என்றான் ஆஸ்டின். “அவ போகட்டும். அப்புறம் மிச்சத்த எல்லாருக்கும் குடுத்துடறேன்.”

நான் கோப்பைகளைக் கழுவப் போனேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம், நானும் ஆஸ்டினும் அவன் வீட்டுப் பின்னால் விறகு அடுக்கிக்கொண்டிருந்தோம். ஆற்றுக்கு மேலே, தீவைத் தாண்டி ஒரு வெடிச் சத்தம் கேட்டது. இருவரும் கட்டையைக் கையில் பிடித்தபடியே நின்றோம். கொஞ்சம் விட்டு இன்னொன்று. மூன்றாவது வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். மூன்று வந்தால் ஆபத்து என்று அர்த்தம். மறு பேச்சில்லாமல் படகை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். வரவில்லை. தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது.

“ரெண்டாவது வெடி, விழுந்தத முடிச்சு விட்டது,” என்றான் ஆஸ்டின். அவன் முகம் எத்தனையோ நாளைக்கு அப்புறம் மலர்ந்திருந்தது. “கெட்டிக்காரன்.”

யார் என்று இருவரும் சொல்லவில்லை. அன்று காலை படகில் போனவன் குட்வின் ஒருவன்தான், அது ஊருக்கே தெரியும். கரையோரமாக வீடுகளில் ஒவ்வொருவராக வெளியே வந்து நின்றார்கள். எல்லோருக்கும் சந்தோஷம், யாரும் வாய் திறக்கவில்லை. வேட்டைக்காரன் வந்து சேரும் முன்னால் வாயை விட்டால் கைக்கு வந்ததும் போய்விடும். ஜஸ்டினாவும் வாசலுக்கு வந்தாள். எங்களைப் பார்த்தாள். நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி மரத்தைப் பார்த்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உள்ளே போய்விட்டாள். பெரிய பாத்திரங்களைக் கழுவும் சத்தம் கேட்டது.

அன்று இரவு உறைபனி விழுந்தது. மறுநாள் அவன் வரவில்லை. தனி ஆள், அவ்வளவு பெரிய உடம்பை அறுத்துப் பிரித்துத் தூக்கி வரவேண்டும், நேரமாகத்தான் செய்யும் என்று ஒவ்வொருவரும் மனசுக்குள் சொல்லிக்கொண்டோம். ஒத்தாசைக்குப் போகலாம்தான். ஆனால் கூப்பிடாமல் போய் நின்றால் பங்குக்கு அலைகிறவன் மாதிரி இருக்கும். சாயங்காலம் ஜஸ்டினா என்னிடம் வந்தாள்.

“அத்தை, படகு ரேடியோல கூப்பிட்டுப் பாத்தேன். பதிலே இல்ல.”

“பேட்டரி போயிருக்கும்டி,” என்றேன்.

அதற்கு அடுத்த நாள் விடிந்ததும் ஆஸ்டின் படகை எடுத்தான். கறி சுமக்கத் தார்ப்பாய், கயிறு, இரண்டு கத்தி, ஒரு குடுவை காபி எல்லாம் எடுத்துக்கொண்டான். ‘தொந்தரவு இல்லாம பக்கத்துல இருந்து பாத்துட்டு வரேன்’ என்று சொல்லிவிட்டுப் போனான்.

மதியம் அவன் படகு திரும்பி வந்தபோது நான் கரையில் இருந்தேன். நடுவில் தார்ப்பாய் மூடியிருந்தது. குட்வினின் பிள்ளைகள், அப்பா கறி கொண்டு வந்துவிட்டார் என்று ஓடி வந்தார்கள். ஆஸ்டின் எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்துப் பிள்ளைகளைத் தடுத்தான். அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. நான் ஜஸ்டினாவைப் பிடிக்கப் போனேன், அவள் என்னைத் தள்ளிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள்.

தண்ணீருக்கு அடியில் கிடந்த மரத்தில் மோதிக் குட்வினின் படகு கவிழ்ந்திருக்கிறது. ரேடியோவும் சாப்பாடும் படகோடு போய்விட்டன. துப்பாக்கியைத் தோளில் மாட்டியபடி எப்படியோ தீவுக்கு அப்பால் மணல் திட்டில் ஏறிவிட்டான். தீப்பெட்டி நனைந்துவிட்டது. ஈரத் துணியோடு ஊரைப் பார்த்து உட்கார்ந்தபடியே விறைத்துப் போயிருந்தான். துப்பாக்கியில் தோட்டா இல்லை. அந்தத் திட்டில் மூஸ் காலடி ஒன்றுகூட இல்லை.

இரண்டு வெடியும் எங்களைக் கூப்பிட்டவைதான். ஊரே கேட்டது. ஊரே சந்தோஷப்பட்டது.

அடக்கம் செய்யும் நாளிலும் ஊருக்குக் காட்டுக் கறியில்தான் சாப்பாடு போட வேண்டும். மறுநாள் ஊர்க் கூடத்தில் எல்லோரும் கூடினோம். ஆண்கள் வேட்டைக்குக் கிளம்ப வேண்டும். யாரிடம் தோட்டா இருக்கிறது என்று பேச்சு வந்தது. ஒருவனிடம் ஒன்று இருந்தது. இன்னொருவன் நாளைக்கு விமானம் வந்தாலும் வரும் என்றான். ஜஸ்டினா ஒரு மூலையில் உட்கார்ந்து பெண்களோடு உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். சும்மா இரு என்று சொன்னால் கேட்கவில்லை.

ஆஸ்டின் எழுந்து வெளியே போனான். எதற்குப் போகிறான் என்று எனக்குத் தெரியும். ஒளித்து வைத்திருந்தால் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. நான்கூடச் சொல்லியிருக்க மாட்டேன், அவன் என் தம்பி. அந்த ஐந்தும் போய்விட்டால் போல்டினுக்கு இந்த வருஷமும் விருந்து கிடையாது. திரும்பி வந்து, கூடத்து மேசையில், ஜஸ்டினாவின் எதிரே தோட்டா டப்பாவை வைத்துத் திறந்தான். பதினொன்றும் இருந்தன.

கிழங்கு சீவிய பெண்களும் தலை நிமிர்ந்தார்கள்.

“எல்லாத்தையும் எடுத்துக்கோங்க,” என்றான். அப்புறம் ஜஸ்டினாவைப் பார்த்து, “இது அன்னிக்கும் இருந்துச்சும்மா. அவன் கேட்டான். நான் இல்லேன்னுட்டேன்.”

அவள் கத்தியை வைத்துவிட்டு டப்பாவையே பார்த்தாள். எழுந்து அவன் முகத்தில் அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன்.

“அவருக்கு அது தெரியாது, பெரியப்பா,” என்றாள். குரலில் கோபமே இல்லை. “வீட்டுக்கு வந்து ஒங்களுக்காகத்தான் வருத்தப்பட்டாரு. பாவம் பெரியப்பா, ஒரு தோட்டாகூட இல்லாம ஒக்காந்திருக்காரு, பெரியம்மா வேற இன்னும் போகாம காத்துக்கிட்டிருக்காங்கன்னாரு. ஏதாவது கெடைச்சா அது மொதல்ல பெரியம்மா விருந்துக்கு, நமக்கு அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்லிட்டுத்தான் படகுல ஏறினாரு.”

சொல்லிவிட்டு அடுத்த கிழங்கை எடுத்துச் சீவ ஆரம்பித்தாள். ஆண்கள் தோட்டாக்களைப் பங்கு பிரித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக வெளியே போனார்கள். காலி டப்பாவுக்கு முன்னால் ஆஸ்டின் நின்றுகொண்டே இருந்தான். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவனை உட்கார வைத்தேன்.