வரவேண்டாம் என்ற குரல்

பையைத் தோளிலிருந்து இறக்காமலே சுஜா தம்பியின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். தம்பானூர் ஓட்டலில் பதினெட்டு வருஷம் பரோட்டா அடித்த இசக்கிப்பாண்டியின் கைகளில் இப்போது ஆஸ்பத்திரி மருந்து வாடை.

"சொல்லுடே பிரஜின். இன்னைக்குக் காலம்பற போன்ல பேசி அனுப்புனது அப்பாதானா?"

பிரஜின் அம்மாவைப் பார்த்தான். "இல்லக்கா. நீ செஞ்சு வெச்சதுல நான் டைப் பண்ணுனேன்."

எந்திரம் மனுஷனைப் போலப் பேசி மனுஷனையே நம்பவைக்குமா? கல்லூரியில் முதல் வருஷமே அவளைப் பிடித்துக்கொண்ட கேள்வி அது. அப்பாவின் வாய்ஸ் மெசேஜ்களையெல்லாம் கம்ப்யூட்டருக்கு ஊட்டி, எதை டைப் செய்தாலும் அவர் குரலில் பேசும்படி அவளே புரோகிராம் எழுதினாள். அன்று வீடே விழுந்து விழுந்து சிரித்தது. பொய் சொல்ல மனசு வேணும், எந்திரத்துக்கு அது கிடையாது என்று தம்பிக்கு விளக்கம் வேறு. மனசு உள்ளவர்கள் வீட்டிலேயே இருந்ததை அந்த மேதாவி யோசிக்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா நிஜமாகவே பேசி அனுப்பியிருந்தார்: "ஒரு நடை வந்துட்டுப் போ மக்ளே." விடிந்ததும் வருவதாகச் சொன்னாள். விடிந்ததும் அதே குரல்: "வரண்டாம் மக்ளே. தேவலையாயிருக்கு. பரிட்சைய எழுது." கழக்கூட்டம் ஹாஸ்டலிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்திருக்கலாம். அவள் ஏறவில்லை. ஓர் எந்திரம் நிற்குமா நிற்காதா என்று இன்னோர் எந்திரத்தால் எப்போதும் சொல்லிவிட முடியாது என்பதைப் பரீட்சைத் தாளில் மூன்று பக்கம் நிரூபித்துவிட்டு வெளியே வந்தபோது செய்தி வந்தது.

"நாந்தான் அவனச் செய்யச் சொன்னேன்," என்றாள் அம்மா பூமாரி. "போன தடவ அவருக்கு முடியாமப் போனப்போ நீ பரிட்சைக்குப் போவல. வருசமே போச்சு. பரிட்சை முடியுற சனிக்கிழம வரைக்கும் தாங்கும்னு டாக்டர் சொன்னாரு. நம்பிட்டேன்."

"அப்பா என்னைக் கேட்டாங்களா?"

அம்மா தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்.

"புள்ள பஸ் ஏறிட்டாளான்னு கேட்டுக்கிட்டே கெடந்தாரு. ஏறிட்டான்னு சொன்னேன்."

சுஜாவுக்கு அழுகை வரவில்லை. தன் விரலே தன் கண்ணைக் குத்தியது போதாதென்று, அந்த விரலைப் பிடித்துக் குத்தவைத்தவர்கள் பெற்றவளும் கூடப்பிறந்தவனும்.

"நேரமாச்சு, மவ வாய்க்கரிசி போடட்டும்," என்றார் பக்கத்துவீட்டுத் தங்கப்பன்.

பிரஜின் அரிசிக் கிண்ணத்தை அவளிடம் நீட்டினான். அவள் கை நீளவில்லை. சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அவன் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றான்.

அதன் பிறகுதான் அவள் குனிந்து ஒரு பிடி அரிசியை எடுத்தாள்.