இங்கே இல்லை, எதிரே

வகுப்பில் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் வாயை மூடிக்கொண்டால், பதில் வரும்வரை திறக்க மாட்டார். பதில் தெரியாதவர்கள் நோட்டுக்குள் தலையைப் புதைத்துக்கொள்வார்கள். தெரிந்தவர்கள், வேறு யாராவது சொல்லட்டுமே என்று ஜன்னலைப் பார்ப்பார்கள். மின்விசிறி மட்டும் விடாமல் முனகிக்கொண்டிருக்கும். இந்த மௌனங்களுக்காகவே மாணவர்கள் அவருக்கு 'இடைவேளை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் வந்து சேர்ந்திருந்தது. அவருக்கு வருத்தமில்லை. இடைவேளையில்தானே ஜனங்கள் எழுந்து நின்று பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

அவர் பல்கலைக்கழகத்தில் நடத்தியது 'நகரமும் பொது வரலாறும்' என்ற பாடம். பாதி வகுப்பில், பாதி தெருவில். பருவத்தின் முடிவில் மாணவர்கள் பரீட்சை எழுத வேண்டியதில்லை. பல்கலைக்கழக வாசலையே மிதிக்காத மனிதர்கள் நின்று படிக்கிற மாதிரி ஏதாவது ஒன்றைத் தெருவில் வைக்க வேண்டும். இந்த வருடம் அது ஒரு பலகை. நகரத்தின் முதல் தொலைபேசி நிலையம் இயங்கிய வீட்டைக் கண்டுபிடித்து, அங்கே இரவும் பகலுமாகக் கம்பிகளை மாற்றிச் செருகி ஊரையே பேச வைத்த பெண்களைப் பற்றி எழுதிய பலகை.

இதுவே கடைசிப் பலகையாகவும் ஆகலாம். துறைத்தலைவி அவரை அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொல்லியிருந்தார்.

"உங்க பாடத்துக்கு ஆள் குறைஞ்சுக்கிட்டே வருது சார். தெருத்தெருவா சுத்துறதுக்கு எதுக்கு ஒரு பாடம்னு மேல கேக்குறாங்க. சனிக்கிழமை திறப்புக்கு டீனையே அழைச்சுட்டு வரேன். அவர் பாத்துட்டுத் தலையாட்டினா அடுத்த வருஷமும் இருக்கும். இல்லைன்னா நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க."

அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"இடைவேளை விட்டது போதும், போய் வேலையப் பாருங்க" என்றார் தலைவி. அந்தப் பெயர் தலைவி வரைக்கும் போயிருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் பலகையை மாட்டப் போனார்கள். தொலைபேசி நிலையம் ஆரம்பித்த காலத்து விலாசப் புத்தகத்தில் 'பதினான்காம் எண்' என்று இருந்தது. சந்தில் இன்று பதினான்காம் எண் வீடு ஒரு மெத்தைக்கடை. மெத்தைக்கடைக்காரர் தன் சுவரைச் சந்தோஷமாகக் கொடுத்திருந்தார். ஒரு வாரமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இது சாதாரண கடை இல்லைங்க" என்று ஆரம்பித்து மெத்தையைத் தொட விடாமல் பேசிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் ஜெராக்ஸ் கடை. அதன் முதலாளியின் மகளைத்தான் மெத்தைக்கடைக்காரர் மகனுக்குக் கட்டியிருந்தது.

"என்ன சம்பந்தி, போர்டு மாட்டினதும் நாங்க எல்லாம் கண்ணுக்குத் தெரிவோமா?" என்று ஜெராக்ஸ்காரர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"தெரிவீங்க தெரிவீங்க. வரலாறு இல்லாதவங்களையும் நாங்க மதிப்போம்" என்றார் மெத்தைக்கடைக்காரர்.

துளை போடும் இயந்திரத்தைப் பிடித்திருந்தவன் வகுப்பில் 'டிரில்லு' என்று பெயர் வாங்கியவன். வகுப்பில் அவனுக்குப் பிடித்த ஒரே கருவி அதுதான். முதல் துளை ஒழுங்காக விழுந்தது. இரண்டாவது துளையில், கதவுக்கு மேலே சுவர்ப்பூச்சு ஒரு பெரிய அப்பளம் மாதிரி விரிசல் விட்டு, பொலபொலவென்று அவன் தலையிலேயே கொட்டியது.

"ஐயய்யோ, சுவரு!" என்று மெத்தைக்கடைக்காரர் ஓடி வந்தார்.

ஆனால் மற்றவர்கள் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூச்சுக்கு அடியில் கல். கல்லில் செதுக்கிய எண். ஏழு.

எல்லாப் பேச்சையும் 'ஆனாலும்' என்றுதான் தொடங்குவாள் என்பதால் அந்தப் பெயரே நிலைத்துவிட்ட மாணவி ஒருத்தி இருந்தாள். அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஆனாலும் சார், பதினாலுன்னுதானே சொன்னோம்?"

அவர் சந்தின் இரு பக்க வீடுகளையும் கண்ணால் எண்ணினார். இப்போது சந்தில் ஒரு பக்கம் முழுக்க ஒற்றை எண்கள், மறுபக்கம் இரட்டை. எண்களை எப்போதோ மாற்றியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் வழக்கம் வேறாக இருந்திருக்கும்: ஒரு பக்கம் வரிசையாக எண்ணிக்கொண்டே சந்தின் முடிவு வரை போய், மறுபக்கமாக எண்ணிக்கொண்டே திரும்பி வருவது. பக்கத்துக்குப் பத்து வீடு. இந்த வரிசையில் ஏழாவது வீடு இது. அப்படியானால் திரும்பி வருகிற வரிசையில் பதினான்கு...

அவர் மெதுவாகத் திரும்பினார். ஜெராக்ஸ்காரர் பல்லைக் காட்டிக் கையாட்டினார்.

பருவத்தின் முதல் வகுப்பிலேயே அவர் கரும்பலகையில் எழுதுவது அதுதான்: 'விலாசம் என்பது இடம் அல்ல. யார், எப்போது கொடுத்த விலாசம் என்று கேள்.' வருடாவருடம் எழுதுகிறார். எழுதிவிட்டு, இந்த முறை கேட்காமலே போய்விட்டார். தொலைபேசி நிலையப் பெண்களின் கிடைத்த ஒரே புகைப்படத்தில் அவர்களுக்குப் பின்னால் மூன்று வளைவு வைத்த ஜன்னல் ஒன்று இருந்தது. மெத்தைக்கடையில் அது இல்லையே என்று 'ஆனாலும்' கேட்டபோது, "மெத்தை அடுக்குக்குப் பின்னாடி இருக்கும்மா" என்று சொன்னது யார்? அவரேதான்.

அவர் தெருவைத் தாண்டினார். ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பின்னால், காகிதக் கட்டுகளுக்கு மேலே, பச்சைப் பெயிண்ட் அடித்த மூன்று வளைவு ஜன்னல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இதே கடையில்தான் பருவம் முழுக்க அந்தப் புகைப்படத்தைப் பிரதி எடுத்தார்கள்.

'ஆனாலும்' பக்கத்தில் வந்து நின்றாள். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் முகம் சிவந்திருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

துறைத்தலைவியை அழைத்துச் சொன்னார். எதிர்முனையில் ஒரு பெருமூச்சு.

"பூச்சு வேலைக்காரரைக் கூப்பிட்டு அந்த ஏழாம் நம்பரை மூடிடுங்க. நாளைக்குத் திறப்பு முடியட்டும். அடுத்த மாசம் சத்தமில்லாம எதிர் சுவருக்கு மாத்திக்கலாம். டீன் முன்னாடி நாமளே தப்புன்னு நின்னா, பாடத்தை நம்ம கையாலேயே மூடின மாதிரி. லைன்ல இருக்கீங்களா? சார்?"

இருந்தார். "யோசிச்சுச் சொல்றேன் மேடம்" என்று வைத்தார்.

வீட்டில் மனைவி சாய்வு நாற்காலியில் கால் நீட்டியிருந்தாள். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் அவள். நாளெல்லாம் நின்ற கால்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஊசி இல்லாம ஒரு வகுப்பையே தூங்க வைக்கிற ஆளு நீங்கன்னு நினைச்சேன். சுவரையே எழுப்பி விட்டிருக்கீங்க" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. "மூடிட்டா பாடம் தப்பிக்கும்."

"எது தப்பிக்கும்?"

அவர் பதில் சொல்லவில்லை. அவளும் அவசரப்படுத்தவில்லை. இருபது வருடமாக அவரோடு இருந்ததில் அவளுக்கும் அந்தப் பழக்கம் வந்திருந்தது. சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நாளைக்கு அந்தக் கல் எண்ணை மூடிவிட்டு அடுத்த வருடம் அதே கரும்பலகையில் அதே வாக்கியத்தை எப்படி எழுதுவது? பாடத்தின் பெயர் இருக்கும், நேர அட்டவணையில் இடம் இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது.

"புரிஞ்சுது" என்றார்.

"எனக்கு அப்பவே புரிஞ்சுது. போய்ப் பிள்ளைங்களுக்கு போன் பண்ணுங்க."

சனிக்கிழமை காலை டீன் வந்தபோது சந்தில் இரண்டு பலகைகள் இருந்தன. உலோகப் பலகை ஜெராக்ஸ் கடைச் சுவரில். அந்த வாசலிலும் டிரில்லு பெயிண்டைச் சுரண்டியிருந்தான். பதினான்கு தெளிவாகத் தெரிந்தது. மெத்தைக்கடைச் சுவரில், மூடாமல் விட்ட ஏழுக்குக் கீழே, லேமினேட் செய்த ஒரு காகிதம். ஜெராக்ஸ்காரர் காசு வாங்காமல் போட்டுக் கொடுத்தது, எழுதியது 'ஆனாலும்'.

'முதல் தொலைபேசி நிலையம் இங்கே இல்லை, எதிரே. நேற்று வரை இங்கேதான் என்று நம்பினோம். இந்தத் தெருவின் எண்கள் ஒரு காலத்தில் மாறின. நாங்கள் அதைக் கேட்க மறந்தோம். சுவர் சொன்னது. உங்கள் வாசலுக்கு அடியில் என்ன எண் இருக்கிறது?'

டீன் இரண்டு தடவை படித்தார். தலைவி, ஆசிரியரைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார்.

"தப்பை எதுக்கு போர்டு போட்டுச் சொல்றீங்க?" என்றார் டீன்.

அவர் கல்லில் இருந்த எண்ணைப் பார்த்தார். ஒரு நொடி. இரண்டு நொடி. மாணவர்கள் மூச்சைப் பிடித்திருந்தார்கள்.

"எப்படிக் கண்டுபிடிச்சோம்னு சொல்லலைன்னா, அதோ அந்த போர்டையும் யாரும் நம்ப வேண்டியதில்லை சார். இதைத்தான் நான் நடத்துறேன். வேற எதுவும் நடத்தலை."

டீன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மெத்தைக்கடைக்காரர் குறுக்கே வந்துவிட்டார்.

"அதெல்லாம் சரிங்க, என் கடையில அப்ப யாரு இருந்தா? சும்மாவா இருந்திருக்கும்? ஏழாம் நம்பருக்கு ஒரு கதை இல்லாமலா போகும்?"

"இருக்கும் சம்பந்தி. அந்தப் பொண்ணுங்க பகல் தூக்கம் போட உங்க கடைக்குத்தான் வந்திருப்பாங்க" என்றார் ஜெராக்ஸ்காரர்.

சிரிப்பு எழுந்தது. டீனும் சிரித்துவிட்டார். அதோடு நிற்கவில்லை. மூன்றாவது வீட்டுக்காரி தன் நிலைப்படியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். மாடியிலிருந்து ஒருவர், தன் வீட்டில் இரண்டு எண் தகடு இருப்பதாகவும் எதை நம்புவது என்றும் கேட்டார். சைக்கிளில் போனவர் இறங்கி, தன் மாமியார் எப்போதோ சொன்னதாக ஒன்றைச் சொல்ல, அதை எதிர்வீட்டார் மறுக்க, 'ஆனாலும்' இரண்டு பேருக்கும் நடுவில் நின்று எழுதிக்கொண்டிருந்தாள். டிரில்லு இயந்திரத்தோடு வாசல் வாசலாக நின்றான். வேண்டாம் வேண்டாம் என்று எல்லோரும் அவனைத் தடுத்தார்கள். தடுத்துவிட்டு, "லேசா மட்டும் சுரண்டிப் பாரு" என்றார்கள்.

அவர் ஓரமாக நின்று பார்த்தார். இத்தனை வருடத்தில் கேட்ட ஒரு கேள்விக்கு இப்படி ஒரு தெருவே பதில் சொல்லி அவர் பார்த்ததில்லை.

டீன் கிளம்பும்போது தலைவியிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். தலைவி ஓரமாக நின்ற அவரிடம் வந்தார். முகத்தில் வெறும் கோபமும் இல்லை, வெறும் சிரிப்பும் இல்லை. இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்தன.

"உங்களை என்ன பண்றதுன்னே தெரியலை சார்."

அவர் காத்திருந்தார்.

"மெத்தைக்கடைச் சுவரைப் பூசிக் கொடுக்கிறது துறைச் செலவு. அந்த ஏழாம் நம்பரை மட்டும் விட்டுட்டுப் பூசச் சொல்லுங்க. அப்புறம், டீன் அவர் தெருவுக்கும் உங்க பிள்ளைங்களை வரச் சொல்றார். அடுத்த வருஷம்."

"அடுத்த வருஷமா மேடம்?"

"ஆமா. அந்தத் துளை போடுற பையனை மட்டும் கொஞ்சம் தள்ளி நிக்க வைங்க."

அவர் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. தெருவே பேசிக்கொண்டிருந்தது.