கை ஒழியல

என் தங்கை புருஷன் பொறியியல் பேராசிரியர். மூளையைப் பார்த்து கம்ப்யூட்டர் சிப் செய்கிறவர். சொல்லிக்கொடுக்கவே வேண்டாம்; தொடத் தொட அதுவாகக் கற்றுக்கொள்ளும். அந்தச் சிப்பை வைத்து ஓர் இரும்புக்கை செய்தோம். செய்தோம் என்றால், அவர் யோசித்தார், நான் கையுறை மாட்டிக்கொண்டு பற்றவைத்தேன். கெட்டிக்காரக் கை. கொசு உட்காருமுன்பே அடித்துவிடும். தப்பித்த ஒரு கொசு தன் சொந்தக்காரர்களைக் கூட்டிவந்து வேடிக்கை காட்டியதை நானே பார்த்தேன்.

அதைப் பத்துப் பேர் கையோடு பழக்கியிருக்க வேண்டும். மாப்பிள்ளை என் தங்கையை மட்டும் உட்காரவைத்தார். வீட்டு ஆள்தானே, கூப்பிட்டால் வருவாள். மூன்று வருஷம், தினம் மாலை, அவள்தான் அதன் கையைப் பிடித்தாள். கிளம்பும்போது இரண்டு அழுத்து அழுத்துவாள். 'வீட்டுக்குப் போகலாமா' என்று அர்த்தம். அதுவும் பதிலுக்கு இரண்டு அழுத்தும். இவர் தலை நிமிராமல் எண்களைக் குறித்துக்கொண்டிருப்பார்.

போன மழைக்காலத்தில் அவள் இறந்துபோனாள். அதன்பின் அந்தக் கை யாரையும் பிடிக்கவில்லை. துறைத் தலைவர் கை கொடுத்தார், தட்டிவிட்டது. மாப்பிள்ளை தினம் மாலை கொடுத்துப் பார்த்தார். தட்டவில்லை, மூடவும் இல்லை.

திங்கட்கிழமை ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிறவர்கள் சோதிக்க வருகிறார்கள். அன்றைக்கும் பிடிக்காவிட்டால் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பூட்டு. கற்றதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகப் பழக்கினால்தான் உண்டு.

"நீங்களே அழிச்சிடுங்க மச்சான். என்னால முடியல. அது ஒரே ஒரு தடவை என் கையைப் பிடிச்சிருந்தா போதும்."

"மூணு வருஷம் அவ பக்கத்துலயே உக்காந்திருந்தா. அப்ப நீங்க பேனாவைத்தானே பிடிச்சீங்க மாப்ள?"

சிரிக்கப் பார்த்தார். சரியாக வரவில்லை.

அழிக்கும் பொத்தான் அந்தக் கைக்குப் பின்னால். கையுறையோடு தொட்டால் வேலை செய்யாது. முதல்முறையாகக் கழற்றிவிட்டு நீட்டினேன். எங்கள் குடும்பத்துக்கே கட்டைவிரல் கோணல். இரும்பு விரல்கள் அதைத் தடவின. பிறகு ஒவ்வொன்றாக மூடின. இரண்டு அழுத்து.

மாப்பிள்ளை எழுந்து வந்து எங்கள் இரண்டு கைக்கும் மேல் தன் உள்ளங்கையை வைத்தார். மறுபடியும் இரண்டு.

"என்ன கேக்குது?" தெரிந்துகொண்டேதான் கேட்டார்.

"வீட்டுக்குப் போகலாமாங்குது."

"சரி, அழிச்சிடுங்க," என்றார். கையை எடுக்கவில்லை.

"அழிச்சிடலாம் மாப்ள. கை ஒழியல."

திங்கட்கிழமை வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னேன்.