சந்துக்குள் வராத பூத்தேர்

இந்திராணிக்குக் கோபம் வந்தால் அந்தத் தறிக்காரச் சந்தே வாயை மூடிக்கொள்ளும். இன்றைக்குக் காலையிலிருந்தே வந்திருந்தது. வராமல் என்ன செய்யும்? பூத்தேர் ஊர்வலம் இந்த வருஷம் சந்துக்குள் வராதாம். பெரிய வீதியோடு நேராகப் போய்விடுமாம்.

பூத்தேர் பிறந்ததே இந்தச் சந்தில்தான். திருவிழா என்றால் சாமி பெரிய வீதியோடு திரும்பிவிடும். சாமிக்குப் பட்டு நெய்கிறவர்கள் முனையில் நின்று எட்டி எட்டிப் பார்க்க வேண்டும். ஒரு வருஷம் இந்திராணிக்குப் பொறுக்கவில்லை. "சாமி வராங்காட்டி போவுது, நாம ஒண்ணு இழுப்போம்பா" என்று கிளம்பிவிட்டாள். ஜரிகை வியாபாரி அப்துல் சத்தார் பாய், சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டியைக் கொடுத்தார். அவள் புருஷன் மயில்வாகனம் மூங்கிலை வளைத்து, தறியில் மிஞ்சிய பாவு நூலை முறுக்கிக் கட்டினான். வாலாஜாபாத்திலிருந்து வந்த சாமந்தி பாதி வழியிலேயே வாடிப்போனது. அடுத்த தெருக்காரன் "யாரு வூட்டுப் பாடை இது?" என்று சிரித்தான். சிரித்தவனே மறு வருஷம் தானும் ஒரு வண்டி கட்டிக்கொண்டு வந்தான். அப்புறம் முசரவாக்கத்து வண்டி, திருப்பருத்திக்குன்றத்து வண்டி என்று சேர்ந்து சேர்ந்து, இப்போது கமிட்டி, பேண்டு, டிரோன் கேமரா என்று ஊரே கூடுகிறது. எத்தனை வண்டி வந்தாலும் முதல் தேர் சந்துக்குள் ஒரு சுற்று வந்த பிறகுதான் வீதிக்குப் போகும். அதுதான் வழக்கம்.

அந்த வழக்கத்தை நிறுத்திய கமிட்டிச் செயலாளர் வேறு யாருமில்லை, அவள் மகன் உதயகுமார். கல்யாணமானதும் புது நகருக்குக் குடி போனவன்.

"தேரு அகலம்மா. அன்னம் மாதிரி கட்டியிருக்குது. ரெண்டு பக்கமும் றெக்கை இருக்குது. சந்துல நுழையாது."

"பொம்பளைங்க கோலம் போட்டு, கற்பூரத் தட்டோட நின்னுக்கினு இருக்காங்கடா."

"முனைக்கு வந்து பாக்கச் சொல்லு."

முனைக்கு வந்து பார்க்க வேண்டுமாம்! அந்தக் கேவலம் பொறுக்காமல்தானே முதல் வண்டியையே கட்டினாள்? அந்த நேரம் பார்த்து மகன் அவள் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தான். விழாவை ஆரம்பித்தவள் என்று ரிப்பன் வெட்ட அவளைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

அவள் ரிப்பனைத் தொடவில்லை. சந்து முனையில் நின்ற தேரிடம் நேரே போய், றெக்கையைத் தாங்கிய கயிற்றை நறுக்கென்று வெட்டினாள். பூவெல்லாம் பொலபொலவென்று கொட்ட, றெக்கை சாய்ந்தது. பேண்டு நின்றது. ஆட்கள் ஓடி வந்து பிடிப்பதற்குள் மற்ற றெக்கையும் விழுந்தது.

"இப்ப நுழையும். வுடுடா வண்டிய!"

டிரைவர் ஷாஹித், சத்தார் பாயின் மகன், எட்டிப் பார்த்தான். "தாராளமா போவும்மா" என்று ஸ்டியரிங்கைத் திருப்பினான்.

"டேய், நேராப் போடா!" என்று கத்திய உதயகுமார் தாயின் காதருகே வந்தான். "றெக்கை இல்லம்மா விஷயம். நான்தான் சந்து வேணாம்னேன். பெரிய பெரிய பட்டுக்கடைக்காரங்க வீடியோ எடுக்கறாங்க. அந்தச் சாக்கடை, கொடியில தொங்கற பழந்துணி, இதெல்லாம் தெரிஞ்சா இன்னா நெனைப்பாங்க? நாறுதும்மா நம்ம சந்து."

பளாரென்று ஒன்று விட்டாள். அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே ஷாஹித்தைப் பார்த்துக் கையை ஆட்டினான். தேர் நேராகப் போய்விட்டது.

இந்திராணி சந்துக்குள் நடந்தாள். பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் கற்பூரத் தட்டோடு ஓடி வந்தாள். "இன்னாக்கா, தேரு எங்க?"

"வராது. நம்ம சந்து நாறுதாம். வீடியோவுல நல்லா இருக்காதாம்."

சந்தே கொதித்துப்போனது. பட்டம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு விளக்குமாற்றைத் தூக்கினாள். "எந்தப் பேமானி சொன்னான்? அவங்க ஆத்தா அவனை எந்த அரமனையில பெத்தாளாம்? சொல்லுக்கா, இன்னிக்கி அவனை வுடறதில்ல!"

காலையிலிருந்து ஊரையே ஏசிக்கொண்டிருந்தவள் இப்போது தன் வீட்டுக் கதவைக் கைகாட்டினாள்.

"அங்கதான் பெத்தேன், பட்டு" என்றாள்.