வெள்ளைப் படிவில் ஒரு கட்டைவிரல்

என் சகலைக்கு ஒர்க்‌ஷாப்பில் ‘டாக்டர்’ என்று பெயர். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், என்னைவிடப் பதினான்கு வயது சின்னவன். அவனை இங்கே சேர்த்துவிட்டதே நான்தான். மூன்றே வருடத்தில், லாரியில் லேப்டாப்பைச் சொருகி நோவு என்னவென்று சொல்கிறவன் ஆகிவிட்டான். நான் இன்னும் லாரிக்கு அடியில்தான் கிடக்கிறேன். நாற்பது வயதுக்குமேல்தான் எழுத்துக்கூட்டப் பழகினேன். அதுவரை வருகைப் பதிவேட்டில் கைநாட்டு.

பழைய ஃபோர்மேன் வேலையை விட்டுப் போய்விட்டார். சனிக்கிழமை புது ஃபோர்மேன் யாரென்று முதலாளி சொல்வதாக இருந்தது. இங்கே நான் இருபத்திரண்டு வருடம் உழைத்தவன். நான் ஆசைப்படவில்லை என்றால் பொய்.

“தங்கச்சி வீட்டுக்காரருக்குத்தான் கிடைக்கும்னு பேசிக்கிறாங்க. படிச்சவராச்சே,” என்றாள் மனைவி, என் சட்டையின் கிரீஸ் கறையைத் தேய்த்தபடி. அவள் கையிலிருந்து சட்டையைப் பிடுங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஒரு பத்துச்சக்கர லாரி இழுக்கமாட்டாமல் வந்து நின்றது.

“மேட்டுல சைக்கிள்காரன் என்னை முந்திக்கிட்டு டாட்டா காட்டுறான்யா! மானமே போச்சு,” என்றார் டிரைவர்.

டாக்டர் லேப்டாப்பைப் பார்த்தான். “புகையில நஞ்சு குறையலைன்னு சொல்லுது. கொழாய்க் கடைசியில இருக்கிற சென்சார் போயிருக்கும். மாத்திருங்கண்ணே.”

இந்த லாரிகளில் புகை நேராக வெளியே போகாது. முதலில் ஒரு வடிகட்டி கரியைப் பிடித்துவைத்து, சூடேறும்போது எரித்துவிடும். மிச்சமுள்ள நஞ்சுக் காற்றின்மேல் ஒரு சிறு முனை யூரியா தண்ணீரைத் தூவும். அடுத்த டப்பாவுக்குள் நஞ்சு முறிந்து, வெறும் காற்றும் நீராவியுமாகப் போகும். முறியவில்லை என்று சென்சார் சொன்னால், லாரி தன் பலத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

சென்சாரைக் கழற்ற மல்லாந்து படுத்தபோதுதான் பார்த்தேன். தூவுகிற முனை குழாயோடு சேரும் இடத்தில், ஈரச் சுண்ணாம்புபோல வெள்ளையாகப் படிந்திருந்தது. கிரீஸ் படிந்த கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். வெளியே இவ்வளவு என்றால் உள்ளே துளை அடைத்தே போயிருக்கும். சென்சார்மேல் தப்பில்லை. முனையைக் கழற்றி, படிவை வெந்நீரில் கரைத்தால் தீர்ந்தது.

சொல்ல வாயெடுத்தேன்.

“என்னண்ணே, படுத்த எடம் சொகமா இருக்கோ? தலகாணி அனுப்பவா?” என்றான் மேலேயிருந்து. எல்லோரும் சிரித்தார்கள். வந்த சொல்லை விழுங்கிவிட்டுப் புது சென்சாரை மாட்டினேன்.

வியாழக்கிழமை அதே லாரி ஊர்ந்துகொண்டு திரும்பி வந்தது. முதலாளி டாக்டரை முறைத்தார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அப்போது டிரைவர் என் பக்கம் திரும்பினார். இந்த முறை அவர் வாயில் கேலியே இல்லை.

“பாதி வழியில நின்னுட்டேங்க. சரக்கை வேற லாரிக்கு மாத்திட்டாங்க. இனிமே அந்த லோடு எனக்குக் கிடையாதாம்.”

டாக்டர் லேப்டாப்பை மூடினான். இஸ்திரி போட்ட சட்டையோடு அவனே லாரிக்கு அடியில் நுழைந்தான்.

“அண்ணே, கொஞ்சம் உள்ள வாங்க.”

பக்கத்தில் போய்ப் படுத்தேன். டார்ச் அடித்துக் காட்டினான். காய்ந்து இறுகிய வெள்ளையில் கருப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை. அதன் குறுக்கே ஒரு கோடு. ஃபேன் பெல்ட் அறுத்த என் தழும்பு.

“திங்கக்கெழமையே பாத்துட்டீங்க,” என்றான் மெதுவாக.

கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன்.

“என்மேல கோவம்னா சரி. அந்த டிரைவர் உங்களுக்கு என்னண்ணே பண்ணாரு?”

நகத்தால் அந்த ரேகையைச் சுரண்டி உதிர்த்தான். வெளியே போய், “முனை அடைச்சிருக்கு முதலாளி. அண்ணன்தான் கண்டுபிடிச்சாரு. நான் கம்ப்யூட்டரை நம்பிக் கோட்டை விட்டுட்டேன்,” என்றான்.

சனிக்கிழமை ஃபோர்மேன் நாற்காலி எனக்கு வந்தது.

“உங்களைப் பத்தி முதலாளிகிட்ட அவ்வளவு ஒசத்தியா சொன்னாராம் தங்கச்சி வீட்டுக்காரரு. மனுசன்னா அப்படி இருக்கணும்,” என்றாள் மனைவி.

அவன் என்னைப் போட்டுக்கொடுத்திருந்தால்கூட நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

திங்கட்கிழமை முதல் வேலையாக, அந்த டிரைவரிடம் உண்மையைச் சொல்லி, எனக்குத் தெரிந்த இடத்தில் லோடு கேட்டுத் தரலாம் என்று அவருடைய நம்பரைத் தேடினேன்.

“டாக்டர் நேத்தே அவருக்கு வேற லோடு பிடிச்சுக் குடுத்துட்டாருண்ணே,” என்றான் வெல்டர்.