கொத்ரத் ஆகாவின் முறை

எங்கள் ஊரான தாம்கானில் நாற்பது வயது தாண்டியவர்களில் எத்தனை பேருக்கு விழித்திரை மேல் சவ்வு படர்ந்திருக்கிறது என்று கணக்கெடுக்க ஒரு குழு வந்தது. வீடு வீடாகப் போய் ஆட்களைக் கூட்டி வருவது என் வேலை. குலுக்கலில் யார் பெயர் வந்ததோ அவர்தான் வரவேண்டும், பதில் ஆள் கூடாது என்று டாக்டர் ஷாயான் படித்துப் படித்துச் சொன்னார். அவரும் இந்த நாட்டுக்காரர்தான். ஆனால் படிக்கப்போன ஜெர்மனியிலேயே நம் மரியாதையைத் தொலைத்துவிட்டு வந்தவர். இங்கே ஒரு கதவுக்குள் நுழையவே "நீங்க முதல்ல", "ஐயோ, நீங்க முதல்ல" என்று கால் மணி நேரம் நிற்போம். அப்புறம் கண் பரிசோதனையை மட்டும் விட்டுக்கொடுக்காமல் இருப்போமா?

எங்கள் சந்தில் கொத்ரத் ஆகாவின் பெயர் வந்தது; ஆகா என்றால் எங்கள் பாரசீகத்தில் ஐயா. செம்னான் நகரத்துக்கு மினிபஸ் ஓட்டுகிறவர். அந்த வண்டிதான் அவருக்கு எல்லாமே. அவருக்குப் பதில் பக்கத்து வீட்டு விதவை தல்அத் கானும், அதாவது தல்அத் அம்மா, வந்து உட்கார்ந்திருந்தார். தன் கண் நன்றாகத்தான் இருக்கிறது, மங்கலான கண்ணுக்கு முறையைக் கொடுப்போம் என்று ஆகா சொன்னாராம். விசாரித்தால் சந்து முழுக்க இதே கூத்து.

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "இப்படியே போனா ஊர்ல பாதிப் பேருக்குச் சவ்வுன்னு கணக்கு வரும். நல்ல கண்ணும் வந்தாத்தாம்மா கணக்கு."

மனுஷன் கறார்தான், ஆனால் கல்நெஞ்சு இல்லை. கணக்கில் சேர்க்காமல் தல்அத் கானுமையும் பார்த்தார். வெறும் புரை, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார்.

நான் ஆகாவைத் தேடிப் போனேன். வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். கொடுத்ததைத் திருப்பி வாங்கினால் அந்தம்மா முகத்தில் எப்படி முழிப்பது என்று கேட்டார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. அவங்களைப் பார்த்தாச்சு, உங்க கண் நல்ல கண்ணாகவே இருந்துவிட்டுப் போகட்டும், வந்து காட்டுவதற்கு என்ன நோவு என்று கேட்டேன். வந்தார்.

இரண்டு கண்ணையும் திறந்து வைத்து எல்லா வரிசையையும் கடகடவென்று படித்தார். பிறகு வலது கண்ணை மூடிக்கொண்டு கட்டம் போட்ட அட்டையைப் பார்க்கச் சொன்னார்கள்.

"இந்தக் கோடெல்லாம் ஏன் நெளியுது?"

பால் மேல் ஏடு சுருங்குகிற மாதிரி விழித்திரை மேல் சவ்வு சுருங்கிவிட்டதாம். நல்ல கண் சமாளித்துவிடுவதால் பலருக்கு இது தெரிவதே இல்லையாம். அறுவை செய்யலாம், ஆனால் நாள் கடந்துவிட்டது, பார்வை முழுதாக நேராகாது என்றார் டாக்டர். ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் பெரும்பாலும் மீட்டிருக்கலாமாம். இனி ஆட்களை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டக்கூடாது என்பதையும் சொன்னார்.

ஆகா பாக்கெட்டிலிருந்த வண்டிச் சாவியை எடுத்து, பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே போட்டார்.

"தல்அத் கானும்கிட்ட சொல்லிடாதம்மா. என் முறையைப் பிடுங்கிக்கிட்டதா நெனச்சு உருகிப்போவாங்க."

சாயங்காலம் அறுவைக்கு என்றைக்குப் போகவேண்டும் என்று சொல்ல அந்தம்மா வீட்டுக்குப் போனேன். முதலில் ஆகாவின் கண்ணைத்தான் விசாரித்தார். நன்றாக இருக்கிறது என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது.

"மறைக்காத, நாஹீத். ஒரு வருஷத்துக்கு முந்தியிருந்தே வண்டிய சந்துல திருப்பும்போதெல்லாம் என் சுவர்ல உரசுவார். அவர் கெளம்பிப் போனதும் நானே மண்ணைக் குழைச்சுப் பூசிடுவேன்."

"ஒரு வார்த்தை அவர்கிட்ட சொல்லக்கூடாதா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுருங்கற மாதிரி எப்படிம்மா சொல்றது?"

எனக்கு வந்த கோபத்தில் அவரைப் பிடித்து உலுக்கியிருப்பேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பவே சொல்லியிருந்தா அவர் கண்ணு தப்பிச்சிருக்குமா?"

டாக்டர் சொன்னது நாக்கு நுனி வரை வந்தது.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல கானும். எப்ப வந்திருந்தாலும் இதேதான்" என்றேன்.

அவர் நம்பிவிட்டார்.